பாஸ்வேர்டைக் கொடுத்தால் சந்தேகம் தீருமா?

அனுமதியில்லாமல் ஏற்றப்பட்ட அந்தரங்கப் படத்தை, புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் தளங்கள் நீக்க வேண்டும் என்று 2021-இல் மத்திய அரசு விதி போட்டது. ஆனாலும் 2025 ஜூலையில் ஒரு பெண், தன் காணொளிகளை நீக்கக் கோரி சென்னை உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. எடுத்தவர் முன்னாள் காதலர் என்பது புகார். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 48 மணி நேரக் கெடு விதித்தார். நீக்கிய பிறகும் அவை வேறு தளங்களில் முளைத்தன.

கெடுவைப் பற்றிய குழப்பத்தோடு வாசகர் கடிதங்களில் இன்னொரு கேள்வியும் வருகிறது: துணைவர் போனைச் சோதிப்பது அக்கறையா, குற்றமா? அரசுப் பிரசாரங்கள் பெரும்பாலும் முன்பின் தெரியாதவரிடம் உஷாராக இருக்கச் சொல்கின்றன. இங்கே துன்புறுத்துபவரின் எண் நம் போனில் செல்லப் பெயரில் பதிவாகியிருக்கிறது.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது, இந்தச் சோதிக்கும் பழக்கம் வளரும் விதம். கைவிடப்படுவோமோ என்ற பயம் சிலருக்குச் சிறுவயதிலிருந்தே ஒட்டிக்கொண்டு வரும். இதை விளக்கும், உளவியல் அறிஞர் ஜான் பவுல்பியின் பற்றுதல் கோட்பாட்டை 1987-இல் ஆய்வாளர்கள் ஹேசனும் ஷேவரும் காதலுக்குப் பொருத்திக் காட்டினார்கள். அப்படிப் பயப்படுபவர் கையில் 2014-இல் வாட்ஸ்அப் நீல டிக்கைக் கொடுத்தது. படித்தாயிற்று, பதில் வரவில்லை. ஏன் என்பதைத் திரை சொல்லாது, பயம் சொல்லும். உடனே அழைப்பு, விசாரணை. பதில் கிடைத்ததும் மனம் தணிகிறது. அந்தத் தணிவுதான் கண்ணி. சோதித்ததால் நிம்மதி வந்தது என்று மனம் பதிந்துகொள்கிறது. அடுத்த முறை கை இன்னும் சீக்கிரம் போனுக்குப் போகிறது. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-இல் 308 மாணவர்களிடம் நடத்திய ஆய்வில், ஃபேஸ்புக்கில் அதிக நேரம் இருந்தவர்களிடம் பொறாமையும் கூடுதலாக இருந்தது. பார்ப்பது பொறாமையைக் கிளப்புகிறது, பொறாமை மேலும் பார்க்கவைக்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம்.

சோதிக்கப்படுபவரும் இப்படியே பழக்கப்படுகிறார். பாஸ்வேர்டைக் கொடுத்தால் அன்றைய சண்டை ஓய்கிறது. பிறகு லைவ் லொகேஷன், அதன்பின் யார் யாரை பிளாக் செய்ய வேண்டும் என்ற பட்டியல். விட்டுக்கொடுத்தால் அமைதி என்று ஒருவரும், வற்புறுத்தினால் கிடைக்கும் என்று மற்றவரும் கற்றுக்கொள்கிறார்கள். 'பாஸ்வேர்டைப் பகிராதீர்கள்' என்னும் அதிகாரிகள், மறுத்தால் அந்த இரவு என்ன நடக்கும் என்று யோசிப்பதில்லை. எல்லோரையும் பயம்தான் ஆட்டுகிறது என்றும் நான் சொல்ல மாட்டேன். சிலருக்கு அடக்கி ஆளும் ஆசை மட்டுமே இருக்கிறது.

மற்ற கேள்விகள்:

கண்காணிப்பு குற்றமா? ஒரு பெண்ணின் இணையப் பயன்பாட்டை ஓர் ஆண் கண்காணிப்பது பாரதிய நியாய சன்ஹிதா 78-ஆம் பிரிவின்படி குற்றம். முதல் முறை 3 ஆண்டு வரை சிறை.

பாதிக்கப்பட்டவர் ஆண் என்றால்? 78 உதவாது. அந்தரங்கப் படம் பற்றிய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66E பிரிவு இருபாலருக்கும் பொருந்தும்.

எடுக்கச் சம்மதித்த படம்? பரப்பச் சம்மதித்ததாகாது.

மிரட்டல் மட்டும் வந்திருந்தால்? ஸ்டாப்என்சிஐஐ (StopNCII.org) தளத்தில் படத்தை யாருக்கும் அனுப்பாமல், அதன் டிஜிட்டல் அடையாளத்தை மட்டும் பதிந்து, அதில் இணைந்த தளங்களில் படம் பரவாமல் தடுக்கலாம்.

அவமானத்தில் உரையாடலை அழித்துவிடாதீர்கள். அதுதான் உங்கள் சாட்சி. தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெயர் சொல்லாமலும் புகார் பதியலாம். பெண்கள் 181-ஐ எந்த நேரமும் அழைக்கலாம்.