இடக்கரடக்கலும் ஒரு சிறுவனின் வயிற்றுவலியும்

பவணந்தி முனிவரின் நன்னூல், தகுதி வழக்கு மூன்று என்று சொல்லும். அவற்றுள் ஒன்று இடக்கரடக்கல். பலர் கூடிய அவையில் சொல்லக் கூசுவதை மறைத்து, வேறு சொல்லால் சொல்வது. "கால் கழுவிட்டு வரேன்" என்று நம் பாட்டிமார் சொன்னதெல்லாம் அந்த இலக்கணம்தான். இரவில் கடை அடைத்த பின் நன்னூலைப் புரட்டுவது என் பழக்கம். இந்த நாகரிகத்தைப் பெருமையாகப் பலருக்கும் எடுத்துச் சொல்லியிருக்கிறேன். அதே அடக்கம் ஒரு குழந்தையின் வாயை அடைத்துவிடவும் கூடும் என்பதை வெகு தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன். இவ்வாண்டு மலருக்கு இலக்கணக் கட்டுரை தருவதாகச் சொல்லியிருந்தேன். அதை விட்டு இதை எழுதுவதற்கு வாசக அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

1991-ஆம் ஆண்டு. கரோல் பாகில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தின் மாடியில் ஒரு தமிழ்க் குடும்பம். மகனுக்கு ஒன்பது வயது. வாரம் இரண்டு நாள் சாயங்காலம் கணக்கு ட்யூஷன். அந்த இரண்டு நாளும் மத்தியானத்திலிருந்தே பையனுக்கு வயிற்றுவலி. டாக்டர் பூச்சி மருந்து கொடுத்தார். வீட்டில் ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள். "என்ன நைனார், இவன் இப்படிப் படுத்தறானே?" என்று அவன் அப்பா கேட்டார். "இது வயித்துவலி இல்லை சார், கணக்குவலி. ரெண்டு போட்டு அனுப்புங்க" என்றேன். இருவரும் சிரித்தோம். அப்படியே செய்தார்கள்.

அந்தப் பையன் நாற்பதைத் தாண்டிய பிறகு ஒருநாள் சாவடி பஜாரில் என் காகிதக் கடைக்கு வந்தான். குடியிலிருந்து மீளச் சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்தான். "மாமா, அந்த ட்யூஷன் வாத்தியார்..." என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினான். பிறகு, "அப்ப அதைச் சொல்றதுக்கு எனக்கு வார்த்தையே தெரியாது மாமா" என்றான். அவன் அனுமதி பெற்று, அடையாளம் தெரியாதபடி இதை எழுதுகிறேன்.

எண்கள் சொல்வது

அதன் பின் இது பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன். மத்திய அரசின் மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. தில்லியின் 'பிரயாஸ்' அமைப்பு நடத்திய ஆய்வு அது. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளைக் கேட்டார்கள். 53.22 விழுக்காட்டினர் ஏதாவது ஒரு வகையில் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். அதிகமாகப் பதிவான இடங்களில் நம் தில்லியும் ஒன்று. பாதிக்கப்பட்டவர்களில் பாதிக்கு மேல் ஆண் பிள்ளைகள். செய்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், அது நம்பியவர்கள். பெரும்பாலான குழந்தைகள் யாரிடமும் சொல்லவில்லை.

"இதெல்லாம் வடக்கத்திச் சமாசாரம், நம்ம பக்கம் கிடையாது" என்று ஒரு நண்பர் சொன்னார். சென்னையின் 'துளிர்' அமைப்பு 2006-இல் அந்நகரப் பள்ளிக் குழந்தைகள் 2,211 பேரிடம் நடத்திய ஆய்வில் 42 விழுக்காட்டினர் ஆளாகியிருந்தார்கள். அங்கும் பையன்களின் விகிதமே கூடுதல். "படிக்காத வீட்டில் நடப்பது" என்பாரும் உண்டு. தில்லியின் 'ராஹி' அமைப்பு 1998-இல் நம் நகரங்களின் நடுத்தர, மேல்தட்டுப் பெண்கள் 600 பேரைக் கேட்டது. எல்லாரும் ஆங்கிலம் படித்தவர்கள். அவர்களிலும் பெரும்பான்மையோர் சிறு வயதில் இதை அனுபவித்தவர்களே.

உடம்பு சொல்வது

இதைப் போலீஸ் விவகாரம் என்று ஒதுக்காமல் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்று மருத்துவர்கள் சொல்வது ஏன்? 1980-களில் அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் ஃபெலிட்டி என்ற மருத்துவர் உடல் எடை குறைக்கும் சிகிச்சை நடத்தினார். நன்றாக எடை குறைந்தவர்களே பாதியில் நின்றுவிட்டார்கள். காரணம் தேடிப் பேசியபோது, பலர் சிறு வயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் என்று தெரிந்தது. 1998-இல் அவரும் அண்டா என்பவரும் வெளியிட்ட பெரிய ஆய்வு, குழந்தைப் பருவத்தில் பாலியல் கொடுமை, அடி உதை, வீட்டில் குடி போன்ற துன்பங்களில் நான்கோ அதற்கு மேலோ அனுபவித்தவர்களுக்குக் குடிப்பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவை பல மடங்கு அதிகம் என்று காட்டியது. இதய நோய்கூடக் கூடுதல். ஆனால் இது தலையெழுத்து அல்ல. நம்பிக் கேட்கிற ஒரு பெரியவரும் காலத்தில் உதவியும் கிடைத்தால் பலர் தேறிவிடுகிறார்கள்.

குழந்தைக்கு வார்த்தை இல்லாதபோது உடம்பு பேசுகிறது. காரணம் பிடிபடாத வயிற்றுவலி, நின்றுபோன படுக்கை நனைத்தல் மறுபடி தொடங்குவது, ஒருவரைக் கண்டால் மட்டும் ஒளிவது, திடீரென்று படிப்பு சரிவது. இவற்றுக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் கேட்டுப் பார்க்க வேண்டும். டாக்டர் பார்த்து "ஒண்ணும் இல்லை" என்றால் நடக்கவில்லை என்று பொருளல்ல. பெரும்பாலும் உடம்பில் எந்தத் தடயமும் இருக்காது.

நம் வீடுகளில்

ஊர் விட்டு வந்தவர்கள் நாம். தாத்தா பாட்டி பக்கத்தில் இல்லை. ஆபீஸ் முடிந்து மெட்ரோ பிடித்து வருவதற்குள் இருட்டிவிடுகிறது. வேலை தேடி வரும் ஊர்ப் பையன் ஆறு மாதம் நம் இரண்டறை ஃபிளாட்டில் தங்குகிறான். நானும் அப்படித் தங்கி வளர்ந்தவன்தான். அந்தப் பண்பை விட வேண்டாம். குழந்தைக்குத் தனிப் படுக்கை, தாழிடாத ட்யூஷன் அறை என்று சில ஒழுங்குகள் போதும். மாமாவோ தாத்தாவோ யாராயினும், "மடியில உக்காரு, முத்தம் குடு" என்று கட்டாயப்படுத்த வேண்டாம். உறுப்புகளின் பெயரைக் குளிப்பாட்டும்போதே சொல்லிக் கொடுங்கள். அவையில் அடக்கிச் சொல்வது நாகரிகம். அம்மாவிடம் அடக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

குழந்தை சொன்னால், முதலில் நம்புங்கள். "நீ ஏன் அங்க போனே?" என்று கேட்காதீர்கள். "சொன்னது நல்லது, உன் மேல தப்பு இல்லை" என்று சொல்லுங்கள்.

2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் உள்ள போக்சோ சட்டம் 18 வயதுக்குட்பட்ட ஆண், பெண் இருபாலரையும் காக்கிறது. குழந்தையின் வாக்குமூலத்தை வீட்டிலேயே, சீருடை இல்லாத அதிகாரி பதிவு செய்யலாம். குழந்தையின் பெயரை வெளியிடுவது குற்றம். தெரிந்தும் புகார் செய்யாமல் இருந்தால் ஆறு மாதம் வரை சிறை உண்டு. குழந்தைகள் உதவி எண் 1098. இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், கட்டணமில்லை.

"மானம் போயிடும், பொண்ணுக்குக் கல்யாணம் ஆகணும்" என்பார்கள். எங்கள் சமண நூல்கள் ஹிம்சையை மூன்றாகப் பகுக்கும்: தான் செய்வது, பிறரைச் செய்ய வைப்பது, செய்வதற்கு உடன்படுவது. மூன்றும் வினையே. எறும்பை மிதிக்காமல் நடக்கப் பழகிய நான், அன்று மாடிப்படியில் நின்று "ரெண்டு போட்டு அனுப்புங்க" என்றேனே, அது இவற்றில் எதில் சேரும் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். தெரியாமல் சொன்னேன் என்பது எனக்கு ஆறுதல், அவனுக்கு அல்ல. இதைப் படித்த பின் நமக்கு அந்த ஆறுதலும் இல்லை. இன்று சாயங்காலம் உங்கள் வீட்டுக் குழந்தைக்கு வயிறு வலித்தால், பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேளுங்கள்.