படிக்கட்டு ராஜாவின் எட்டு சட்டங்கள்!

காலை எட்டு மணிக்கு ஒரகடம் கூட்டு ரோட்டில் நின்று பார்த்திருக்கிறீர்களா? வண்டலூர் - வாலாஜாபாத் சாலையும், சிங்கபெருமாள்கோவில் - ஸ்ரீபெரும்புதூர் சாலையும் சந்திக்கும் இடம் அது. ஒரு பக்கம் கன்டெய்னர் லாரி, மறு பக்கம் வரிசையாக கம்பெனி பஸ்கள், நடுவில் ஷேர் ஆட்டோ. இத்தனைக்கும் இடையில் நம்ம கவர்ன்மென்ட் பஸ், திருவிழாத் தேர் மாதிரி அசைந்து அசைந்து வரும்!

ஸ்ரீபெரும்புதூர் என்றால் ராமானுஜர் பிறந்த ஊர் என்று பாட்டி சொல்வார். அப்பாவைக் கேட்டால் கார் பிறக்கும் ஊர் என்பார். 1998ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் தயாராகத் தொடங்கின. ஒரகடத்தில் 2010ல் ரெனோ - நிஸான் கார் ஆலையும், 2013ல் ராயல் என்ஃபீல்டு பைக் ஆலையும் வந்தன. டயர், லாரி, செல்போன் என்று இந்த வட்டாரத்தில் தயாராகாத பொருளே இல்லை.

வேடிக்கையைப் பாருங்கள். இத்தனை வண்டிகள் தயாராகும் ஊரில்தான், பஸ்ஸில் கால் வைக்க இடம் கிடைப்பதில்லை! ஷிப்ட் முடிந்து வருபவர்கள், ஷிப்டுக்குப் போகிறவர்கள், காய்கறிக் கூடையோடு பாட்டிகள், புத்தகப் பையோடு நீங்கள்... எல்லாருக்கும் ஒரே பஸ்.

இந்தக் கூட்டத்தில் ஒருவர் மட்டும் ரொம்ப ஜாலியாக இருப்பார். அவர்தான் 'படிக்கட்டு ராஜா'! எல்லா பஸ்ஸிலும் இருப்பார். சில சமயம் பேன்ட் போட்டிருப்பார், சில சமயம் ஸ்கூல் யூனிபார்மிலும் இருப்பார். பயணிகள் எல்லாரும் 'முன்னேற' வேண்டும் என்று அவர் எட்டு சட்டங்கள் வைத்திருக்கிறார். படித்துப் பாருங்களேன்...

சட்டம் 1: பஸ் நிற்பதற்கு முன்பே ஓடிப்போய் வாசலை அடைத்து நில். இறங்குகிறவர்கள் ஜன்னல் வழியாகக் குதித்துக்கொள்ளட்டும்!

அடடா, என்ன அறிவு! நிரம்பி வழியும் டம்ளரில் இன்னும் பால் ஊற்ற முடியுமா? முதலில் காலியாக வேண்டும் அல்லவா? பஸ்ஸும் அப்படித்தான். வாசலில் நடக்கும் தள்ளுமுள்ளுவில் ஒரு ஸ்டாப்புக்கு அரை நிமிடம் வீணானால், இருபது ஸ்டாப்புக்கு பத்து நிமிடம் போச்சு. 'ஏன் லேட்டு?' என்று டீச்சர் கேட்பது ராஜாவை அல்ல, உங்களை!

சட்டம் 2: ஜன்னல் வழியே கைக்குட்டையை வீசி சீட் பிடி. கைக்குட்டைக்கும் கால் வலிக்கும் இல்லையா?

எட்டு மணி நேரம் நின்றபடியே வேலை பார்த்துவிட்டு ஒரு அக்கா பஸ் ஏறுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு முன்னால் ஒரு கைக்குட்டை கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறது! எப்படி இருக்கும் அவருக்கு?

சட்டம் 3: உள்ளே கிரிக்கெட் ஆடும் அளவுக்கு இடம் இருந்தாலும் வாசலை விட்டு நகராதே. 'உள்ள போ... உள்ள போ...' என்று கண்டக்டர் கத்தினால், பாட்டு என்று நினைத்து ரசி!

பல பஸ்களில் நடுவில் இடம் இருக்கும், இரண்டு வாசலிலும்தான் நெரிசல். நீங்கள் நான்கு அடி உள்ளே போனால், வெளியே தொங்கிக்கொண்டிருக்கும் இரண்டு பேர் உள்ளே வரலாம். அந்த நான்கு அடி ஒரு உயிரையே காப்பாற்றலாம்.

சட்டம் 4: புத்தகப் பையை முதுகிலேயே மாட்டியிரு. திரும்பும்போதெல்லாம் நாலு பேர் மூக்கை நலம் விசாரி!

முதுகில் பை இருந்தால் ஒரு ஆள் இரண்டு ஆள் இடத்தை அடைக்கிறார். பின்னால் யாரை இடிக்கிறோம் என்பதும் தெரியாது. பையைக் கழற்றி முன்பக்கம் மாட்டிக்கொள்ளலாம். உட்கார்ந்திருப்பவரிடம், 'அண்ணா, பையைக் கொஞ்சம் வச்சுக்கறீங்களா?' என்று கேட்டுப் பாருங்கள். நம்ம ஊரில் அநேகமாக யாரும் மறுக்க மாட்டார்கள்.

சட்டம் 5: கம்பியைப் பிடிக்காதே. அது பயந்தாங்கொள்ளிகளுக்கு!

இதற்கு சர் ஐசக் நியூட்டன் 1687லேயே பதில் எழுதிவிட்டார். ஓடும் பொருள் ஓடிக்கொண்டே இருக்கப் பார்க்கும். அதற்குப் பெயர் நிலைமம் என்று அறிவியல் பாடத்தில் வருமே! மணிக்கு 36 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் பஸ், ஒரு நொடியில் 10 மீட்டர் கடக்கிறது. அதே வேகத்தில் உங்கள் உடம்பும் போகிறது. டிரைவர் சடாரென்று பிரேக் போட்டால் பஸ் நிற்கும், நீங்கள் நிற்க மாட்டீர்கள்! கம்பிதான் உங்களையும் பஸ்ஸையும் சேர்த்துக் கட்டும் கயிறு.

சட்டம் 6: செல்போனில் பாட்டை சத்தமாக வை. பஸ்ஸில் எல்லாருக்கும் உன் டேஸ்ட் தெரிய வேண்டாமா?

நைட் ஷிப்ட் முடித்துவிட்டு ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கும் அண்ணனுக்கு அந்த அரை மணி நேரம்தான் நிம்மதி. அதையும் பிடுங்கலாமா?

இந்தத் தொல்லை நமக்கு மட்டும் இல்லை குட்டீஸ். ஜப்பானின் டோக்கியோவில் 1955லேயே, ஷின்ஜுகு ரயில் நிலையத்தில் பயணிகளை ரயிலுக்குள் தள்ளிவிடுவதற்கென்றே ஆட்கள் வைத்தார்கள்! அதே டோக்கியோவில் 2008 முதல் மெட்ரோ ரயில் நிலையங்களில் கேலிப் படங்கள் ஒட்டினார்கள். ரயிலில் சேட்டை செய்பவரைப் படமாக வரைந்து, 'இதையெல்லாம் வீட்டில் செய்யுங்கள்' என்று எழுதியிருந்தார்கள். நியூயார்க்கில் 2015ல், காலை அகட்டி இரண்டு சீட்டை அடைப்பவரை சிவப்பு பொம்மையாக வரைந்து கிண்டல் செய்தார்கள். திட்டினால் கோபம் வரும், சிரிக்க வைத்தால் புத்தி வரும் என்ற டெக்னிக்தான்!

சட்டம் 7: பாட்டி ஏறியதும் தூங்கிவிடு. பாட்டி இறங்கியதும் எழுந்துவிடு!

உலகத்திலேயே வேகமாக வரும் தூக்கம் இதுதான்! முதியோர், மாற்றுத்திறனாளிகளுக்கு என்று பஸ்ஸில் சீட் ஒதுக்கி எழுதியிருக்கிறார்கள். எழுதாத சீட்டிலும் எழுந்து இடம் கொடுக்கலாம், யாரும் ஃபைன் போட மாட்டார்கள்!

ராஜா இன்னொன்றும் முணுமுணுப்பார்... 'ஓசியில வர்றவங்களுக்கு சீட்டு வேறயா?' என்று. தமிழகத்தில் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்கு கட்டணமில்லாப் பயணம் 2021 மே மாதம் தொடங்கியது. பள்ளி மாணவர்களுக்கு இலவச பஸ் பாஸ் அதற்கும் முன்பே உண்டு. அதாவது, நீங்களும் 'ஓசி'தான் ராஜா! சலுகையில் வருகிறவரும் முழுப் பயணிதான். அவரை அவமானப்படுத்த யாருக்கும் உரிமை இல்லை.

சட்டம் 8: படியில் ஒற்றைக் காலில் தொங்கு. தலைமுடி பறக்கும், ஹீரோ மாதிரி இருக்கும்!

இந்தச் சட்டத்துக்கு மட்டும் சிரிக்க வேண்டாம் குட்டீஸ்.

2012 டிசம்பர் மாதம், சென்னை ராஜீவ் காந்தி சாலையில் பெருங்குடி அருகே, பஸ் படியில் தொங்கியபடி போன மாணவர்கள் நான்கு பேர் லாரி மோதி இறந்துபோனார்கள். சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து அதை வழக்காக எடுத்து விசாரித்தது. அன்று காலை அந்த நான்கு பேரும் நம்மைப் போலவே பையை மாட்டிக்கொண்டு கிளம்பியவர்கள்தான்.

ஒரகடம் சாலையில் கன்டெய்னர் லாரிகள் பஸ்ஸை உரசுவது போலப் போவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். தொங்குகிறவருக்கும் லாரிக்கும் நடுவில் ஒரு முழம் கூட இருக்காது. மோட்டார் வாகனச் சட்டம் 1988ன் 123வது பிரிவு, படியில் பயணம் செய்யக் கூடாது என்கிறது. அப்படி ஆட்களை ஏற்றிச் செல்வதும் தவறு என்கிறது. 'படியில் பயணம் நொடியில் மரணம்' என்று பஸ்ஸில் எழுதி வைப்பது சும்மா இல்லை.

'சரி, பஸ்ஸே ஒன்றுதான் வருகிறது. தொங்காமல் என்ன செய்வது?' என்று கேட்கிறீர்களா? நியாயமான கேள்வி! கூட்டத்துக்கு நீங்கள் காரணம் இல்லை. ஆனால், அதை மாற்ற நீங்கள் ஒரு வேலை செய்யலாம்.

ஒரு நோட்டு எடுங்கள். ஒரு வாரம், தினமும் குறித்து வையுங்கள்: எந்த ஸ்டாப், பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மாணவர்கள் ஏற முடியாமல் நின்றார்கள். பிறகு அதைத் தலைமை ஆசிரியரிடமும் அப்பா அம்மாவிடமும் காட்டுங்கள். அவர்கள் அதை மனுவாக எழுதி பஸ் டெப்போவில் கொடுக்கலாம். காஞ்சிபுரம் கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர் நாளிலும் கொடுக்கலாம். 'பஸ்ஸில் கூட்டம்' என்று பொதுவாகச் சொன்னால் யாருக்கும் புரியாது. 'இந்த ஸ்டாப்பில், எட்டேகால் மணிக்கு, முப்பது பேர் ஏற முடியவில்லை' என்று கணக்கோடு சொன்னால், அதை ஒதுக்குவது கஷ்டம்!

அதுவரை பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்புங்கள். வாசலில் தொங்க வேண்டிய நிலை வந்தால், அந்த பஸ்ஸை விட்டுவிடுங்கள். லேட்டாகப் போனால் டீச்சரிடம் ஒரு திட்டு. அவ்வளவுதான், மறுநாளும் நீங்கள் ஸ்கூலுக்குப் போவீர்கள்!

என்ன குட்டீஸ்... படிக்கட்டு ராஜாவின் சட்டப் புத்தகத்தை மூடிவிடலாமா? நாளை காலை பஸ்ஸில் அவரைப் பார்த்தால், சிரித்துக்கொண்டே இப்படிச் சொல்லுங்கள்: 'அண்ணே, உள்ள இடம் இருக்கு... வாங்க!'

அவர் உள்ளே வந்துவிட்டாரா? அப்புறம் என்ன... போலாம் ரைட்!