புதிய ஆசிரியரின் வகுப்பைப் பார்த்த பின் என்ன சொல்வது? கேரள எல்லைத் தமிழ்ப் பள்ளிகளுக்கு ஏற்ற அணுகுமுறை

பாலக்காடு: கேரளாவின் பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்திலும், இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு, உடும்பஞ்சோலை வட்டங்களிலும் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் கணிசமாக வாழ்கின்றனர். மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தாய்மொழியில் தொடக்கக் கல்வி பெறப் போதிய வசதி செய்ய வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 350ஏ பிரிவு. தேயிலைத் தோட்டப் பள்ளி ஒன்றில் புதிதாகப் பணியில் சேரும் ஆசிரியர் நிலைத்து நிற்பாரா என்பதைப் பொறுத்தே அந்த வசதி நடைமுறைக்கு வரும்.

அவருடைய வகுப்பைத் தலைமை ஆசிரியரோ கல்வி அலுவலரோ பார்வையிட்ட பின் நடக்கும் சில நிமிட உரையாடல் இதில் பெரும் பங்கு வகிக்கிறது. பின்னூட்டம் எப்போதும் நன்மை தரும் என்று கருதிவிட முடியாது. குளூகர், டெனிசி ஆகியோர் 1996இல் வெளியிட்ட தொகுப்பாய்வில், 600க்கும் மேற்பட்ட ஒப்பீடுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பின்னூட்டத்துக்குப் பிறகு செயல்திறன் குறைந்திருந்தது. செய்யும் பணியிலிருந்து கவனம் விலகி, தன் மதிப்பு பற்றிய கவலைக்குத் திரும்பும்போது இது நேர்கிறது என்பது அவர்களின் விளக்கம்.

"உங்களுக்கு வகுப்பைக் கட்டுப்படுத்தத் தெரியவில்லை" என்பது அத்தகைய சொல். அதைக் கேட்டவர் மறுநாள் எதை மாற்றுவார்? மாறாக, "பின்னம் குறித்து ஏழு கேள்விகள் கேட்டீர்கள். ஐந்துக்கு மாணவர்கள் வாய் திறக்கும் முன் நீங்களே விடை கூறினீர்கள்" என்றால், திருத்த வேண்டிய இடம் கண்ணுக்குத் தெரிகிறது. கேள்விக்குப் பின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடியே காத்திருப்பதையும், அது மூன்று நொடியானால் மாணவர்களின் விடைகள் நீள்வதையும் அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களிலேயே பதிவு செய்துள்ளார்.

முன்பேச்சு அவசியம்: ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மோரிஸ் கோகன் குழுவினர் உருவாக்கிய முறையில், வகுப்புக்கு முன்பே இருவரும் அமர்ந்து எதைக் கவனிப்பது என முடிவு செய்கின்றனர். வகுப்பு முடிந்ததும் ஆசிரியரே முதலில் பேசுகிறார். புதியவருக்கு ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் போதும். பத்துக் குறைகளின் பட்டியலால் பார்வையாளரின் குறிப்பேடுதான் நிறையும்.

எல்லைப் பள்ளிகளில் இன்னொரு சிக்கலும் எழலாம். பார்வையிடுபவருக்குத் தமிழ் தெரியாவிட்டால், கரும்பலகையும் வகுப்பின் அமைதியும் மட்டுமே அவர் கண்ணில் படும். குழந்தை தோட்டத்துப் பேச்சுவழக்கில் சரியான விடை சொன்னதும், ஆசிரியர் அதைப் பாடநூல் சொல்லோடு இணைத்ததும் தவறிப்போகும். அருகிலுள்ள பள்ளியின் அனுபவமிக்க தமிழ் ஆசிரியரை உடன் அழைப்பது இதற்கு எளிய வழி.

ஆசிரியர்களுக்கு ஆண்டுதோறும் குறைந்தது 50 மணி நேரத் தொழில்சார் மேம்பாட்டு வாய்ப்பை 2020ஆம் ஆண்டு தேசிய கல்விக் கொள்கை பரிந்துரைக்கிறது. வகுப்புக்குப் பிந்தைய உரையாடலுக்குத் தேவைப்படுவது இருபது நிமிடம். ஒப்புக்கொண்ட அந்த ஒரு மாற்றம் எப்படி அமைந்தது எனப் பார்க்க, பார்வையாளர் இரண்டு வாரத்துக்குள் மீண்டும் அதே வகுப்புக்கு வர வேண்டியிருக்கும்.