கையில் கட்டும் பட்டைக்குப் பிள்ளையின் மனம் தெரியுமா?

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களிலும் பிள்ளைகளின் பொழுது இன்று மொபைல் கேமில் போகிறது. விளையாடும் பிள்ளை கோபத்தில் இருக்கிறானா, பதற்றத்தில் இருக்கிறானா என்பதைக் கையில் கட்டும் பட்டையைக் கொண்டே கண்டுபிடிக்க ஆய்வாளர்கள் முயன்று வருகிறார்கள். இது எப்படி நடக்கிறது, எந்த அளவுக்கு நம்பலாம் என்பதைப் பெற்றோர் அறிந்திருப்பது அவசியம்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பேராசிரியை ரோசலிண்ட் பிக்கார்ட் 1997-ல் எழுதிய நூலுக்குப் பிறகு, உணர்வுகளைக் கணினியால் அறியும் இத்துறை வேகமாக வளர்ந்தது.

பட்டையின் அடிப்புறத்தில் பச்சை விளக்கு ஒன்று மினுங்கும். ஒவ்வொரு துடிப்பிலும் தோலுக்கடியில் ஓடும் இரத்தத்தின் அளவு கூடிக் குறைவதால், திரும்பி வரும் ஒளியும் மாறுகிறது. அதைக் கொண்டு இதயத் துடிப்பு கணக்கிடப்படுகிறது. சில பட்டைகள் நாம் உணராத அளவு மின்சாரத்தைத் தோலில் செலுத்துகின்றன. மனம் பரபரத்தால் வியர்வைச் சுரப்பிகள் வேலை செய்யும். தோலில் மின்சாரம் எளிதாகப் பாயும். தோலின் வெப்பம், கையின் அசைவு ஆகியவையும் பதிவாகும். விளையாடியவர் தாமே சொன்ன உணர்வுகளோடு இவற்றை ஒப்பிட்டுக் கணினி பழகிக்கொள்கிறது.

ஆனால், பட்டைக்குத் தெரிவது உடலின் பரபரப்பு மட்டுமே. ஜெயித்த மகிழ்ச்சியிலும் இதயம் படபடக்கும், தோற்ற ஆத்திரத்திலும் படபடக்கும். இரண்டையும் பிரித்தறிவதில்தான் கருவி தடுமாறுகிறது. ஏசி அறையில் சரியாக வரும் கணக்கு, ஏரிக்கரையின் உச்சிவெயிலில் பிசகலாம். புழுக்கத்திலும் வியர்க்கும், வலை இழுத்துக் கரையேறியவருக்கும் நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

நாம் கவலைப்பட வேண்டிய இடம் இன்னொன்று. பிள்ளை சலிப்படையும் நேரம் தெரிந்தால் விளையாட்டை எளிதாக்கி உதவலாம். அதே தகவலைக் கொண்டு, அவன் போனைக் கீழே வைக்கப்போகும் நொடியில் ஒரு பரிசைக் காட்டி மீண்டும் இழுத்துப் பிடிக்கவும் முடியும்.

இதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம், மருத்துவ, பாதுகாப்புக் காரணங்கள் தவிர, பள்ளிகளிலும் பணியிடங்களிலும் செயற்கை நுண்ணறிவால் உணர்வுகளைக் கணிப்பதை 2025 பிப்ரவரி முதல் தடை செய்துள்ளது. நம் நாட்டின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோரின் சம்மதத்தைக் கட்டாயமாக்குகிறது. அவர்களின் நடத்தையைக் கண்காணிப்பதற்கும் பொதுவாக அது தடை விதிக்கிறது.

ஆகவே பெற்றோர்களே, இலவசமாகவோ மலிவாகவோ ஒரு பட்டை வீட்டுக்கு வந்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள். என்ன பதிவாகிறது? அது யாரிடம் போகிறது? வேண்டாம் என்றால் அழிக்க முடியுமா? பதில் தெளிவாக இல்லையென்றால் சம்மதம் தராதீர்கள். பட்டை காட்டும் எண்ணை வைத்துப் பிள்ளையைத் திட்டவும் வேண்டாம். விளையாடி முடித்ததும் பக்கத்தில் உட்கார்ந்து, "என்னப்பா ஆச்சு?" என்று கேளுங்கள். படபடப்புக்கான காரணத்தை அவனால்தான் சொல்ல முடியும்.