மேஜை மேல் ஒரு திருச்சுழி ஸ்டேஷன்

உங்கள் வீட்டில் எட்டடி நீளமும் இரண்டடி அகலமும் உள்ள ஒரு பலகையைப் போட்டு வைக்க இடம் இருக்கிறதா? பின்கட்டுத் தாழ்வாரமோ, மாடிப்படிக்குக் கீழோ, எதுவானாலும் சரி. இருக்கிறதென்றால் கையைக் கொடுங்கள். இந்தக் கட்டுரையை வாசித்து முடிப்பதற்குள் உங்களைத் திருச்சுழி ஸ்டேஷன் மாஸ்டராக நியமித்து விடுகிறேன். சம்பளம் கிடையாது. மாறுதல் உத்தரவும் கிடையாது.

ஏன் திருச்சுழி, ஊட்டி மலை ரயில் கூடாதா என்று கேட்பீர்கள். ஊட்டி ரயிலைப் பார்க்க ஆசைப்பட்டால் மேட்டுப்பாளையத்துக்கு டிக்கெட் வாங்கினால் போதும். நம் மாகாணத்தில் மீட்டர் கேஜ் தண்டவாளத்தில் வண்டி ஓடுவது இன்று அந்த ஒரு பாதையில்தான். விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி வழியாக மானாமதுரை போன சின்ன ரயிலைப் பார்க்க எங்கே டிக்கெட் வாங்குவீர்கள்? அகலப் பாதை போட்டு 2013-ஆம் வருஷம் முதல் பெரிய வண்டிகள் ஓடுகின்றன. சிலம்பு எக்ஸ்பிரஸ் அந்த வழியாகத்தான் சென்னைக்குப் போகிறது. நல்ல காரியம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் பழைய வண்டி போயே போய்விட்டது. அதில் ஏறி இறங்கியவர்களுக்கும் தலை நரைத்துவிட்டது.

அந்த வண்டி வருவதற்கு அந்தச் சீமை காத்திருந்த காலத்தைக் கேட்டால் சிரிப்பும் வரும், பரிதாபமாகவும் இருக்கும். மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் விட்டது 1876-இல். அது விருதுபட்டி என்று அன்று பெயர் வழங்கிய விருதுநகர் வழியாகப் போயிற்று. மதுரையிலிருந்து மானாமதுரை வழியாக மண்டபத்துக்கு 1902-இல் இன்னொரு பாதை. இரண்டுக்கும் நடுவே கிடந்த கரிசல் காட்டுக்கு மட்டும் ஒன்றும் இல்லை. திருச்சுழியில் பிறந்த ரமண மகரிஷி, 1896-இல் திருவண்ணாமலைக்குப் புறப்பட்டபோது மதுரையில்தான் ரயில் ஏறினார். அவர் பிறந்த ஊருக்கு ரயில் வருவதற்கு அதன் பிறகு இன்னும் 68 வருஷம் ஆயிற்று. விருதுநகர்-அருப்புக்கோட்டைப் பகுதி 1963-இலும், அங்கிருந்து மானாமதுரை வரை 1964-இலும் திறந்தார்கள். தெற்கேயிருந்து ராமேசுவரம் போகிறவர்கள் மதுரையைச் சுற்றாமல் போக வழி கிடைத்தது.

1876-க்கும் 1963-க்கும் இடையே 87 வருஷம். இந்த 87 என்ற எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், இப்போது வேறு காரியத்துக்கு வேண்டும்.

உலகத்தில் மாதிரி ரயில் செய்கிறவர்கள் மிக அதிகமாகக் கையாளும் அளவு ஒன்றுக்கு 87. அதாவது நிஜத்தில் 87 அடி இருந்தால் மேஜை மேல் ஓரடி. நம்முடைய மீட்டர் கேஜ் தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள அகலம், பெயரே சொல்வதுபோல ஒரு மீட்டர். அதை 87-ஆல் வகுத்தால் பதினொன்றரை மில்லிமீட்டர் வரும்; 12 மில்லிமீட்டர் தண்டவாளம் கடைகளில் உண்டு. ஸ்விட்சர்லாந்து மலைகளிலும் மீட்டர் கேஜ் ரயில்கள் ஓடுவதால் அந்த வண்டிகளின் மாதிரிகளுக்காகச் செய்கிறார்கள். ஆல்ப்ஸ் மலைக்குச் செய்த தண்டவாளம் நம் அருப்புக்கோட்டைக்கும் பொருந்துகிறது!

விருதுநகரிலிருந்து மானாமதுரை சுமார் 66 கிலோமீட்டர். 87-ஆல் வகுத்தாலும் முக்கால் கிலோமீட்டர் வருகிறது. உங்கள் தெருவே போதாது. ஆகவே பேராசை வேண்டாம், ஒரே ஒரு ஸ்டேஷன். பலகையின் இடது ஓரத்தில் ஓர் அட்டைச் சுவர். அதற்குப் பின்னால் மறைவாகச் சிறிது தண்டவாளம். அதன் பெயர் அருப்புக்கோட்டை. வலது ஓரத்திலும் அப்படியே, அதன் பெயர் நரிக்குடி. வண்டி ஒரு மறைவிலிருந்து புறப்பட்டு, உங்கள் திருச்சுழியில் நின்று, மறு மறைவுக்குள் போய்விடும். வட்டமாகச் சுற்றிச் சுற்றி ஓட விடாதீர்கள். போன வண்டி அரை நிமிஷத்தில் அதே திசையிலிருந்து மறுபடி வந்தால் அது ராட்டினம்.

ஸ்டேஷனுக்குள் இரண்டு லைன் வேண்டும். ஒற்றைப் பாதையில் எதிரும் புதிருமாக வரும் வண்டிகள் ஒன்றையொன்று கடப்பது ஸ்டேஷனில்தானே? ஒய்.பி. ரகப் பாசஞ்சர் என்ஜின் ஏறக்குறைய 19 மீட்டர் நீளம். மேஜையில் 22 சென்டிமீட்டர். பெட்டியும் கிட்டத்தட்ட அதே நீளம். என்ஜினும் நான்கு பெட்டியும் சேர்ந்தால் மூன்றே முக்கால் அடிக்குள் அடங்கும்.

இனிச் சிலிப்பர் கட்டைகள். மீட்டர் கேஜுக்கு மரச் சிலிப்பர் ஆறடி நீளம். நம் கணக்கில் 21 மில்லிமீட்டர். ஒரு தீக்குச்சியை எடுத்துப் பாதியாக ஒடித்துப் பாருங்கள்! சிவகாசிக்காரர்களும் சாத்தூர்க்காரர்களும் நமக்காகவே அறுத்து வைத்தது போல் இருக்கும். மருந்து முனையை முதலில் வெட்டி எறிந்துவிடுங்கள். சிலிப்பர் பற்றி எரிந்தால் ரயில்வே போர்டு விசாரணை வைக்கும். சிலிப்பருக்குச் சிலிப்பர் முக்கால் மீட்டர் என்று வைத்துக்கொண்டால், மேஜையில் ஒன்பது மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இரண்டு லைனுக்கும் சேர்த்து ஐந்நூறு துண்டாவது வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் சிலிப்பரோடு கூடிய தண்டவாளத்தையே விலைக்கு வாங்கலாம். பாபம் ஒன்றும் இல்லை.

ஜல்லி விஷயத்தில் நான் பட்ட பாட்டை நீங்கள் படவேண்டாம். இரண்டங்குல ஜல்லி இந்த அளவில் ரவை மாதிரி இருக்கும். ரவை மாதிரிதானே என்று ரவையையே சாயம் போட்டு ஒட்டினேன். மறுநாள் காலையில் பார்த்தால் எறும்புகள் அருப்புக்கோட்டையிலிருந்து நரிக்குடி வரை வரிசையாக நின்று ஜல்லியைத் தூக்கிக்கொண்டிருந்தன. கருங்கல் தூளைச் சலித்துப் போடுங்கள்.

அடுத்து மண். இதுதான் இந்த வேலையில் ரசமான கட்டம். கரிசல் மண்ணைச் செய்வது எப்படி என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. நிஜக் கரிசலையே கொண்டுவந்து, காயவைத்து, இடித்து, வஸ்திரகாயம் செய்து, தண்ணீரில் குழைத்துப் பூசலாம். கனமாகப் பூசினால் வெடிப்பும் பெரிது பெரிதாக வரும். தோசை போல மெல்லியதாகப் பூசினால் மயிரிழை வெடிப்புகள். சித்திரை மாதத்துக் கரிசல் காடு அப்படியே உங்கள் மேஜை மேல். ஆனால் ஒன்று: இந்த மண் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். சுருங்கும்போது தான் ஒட்டிக்கொண்டிருப்பதையும் இழுக்கும். என் முதல் பலகை மெல்லிய அட்டை. ஒரு வாரத்தில் அது அப்பளம் பொரிந்தது போல் வளைந்து, பாசஞ்சர் வண்டி மலை ஏற வேண்டியதாயிற்று. நிஜமான பாதை போடுகிற என்ஜினீயர்களுக்கும் கரிசல் காட்டில் இதே தலைவலிதான். அவர்கள் கரிசலின் மேல் சரளை மண்ணைக் கனமாகப் பரப்பி, அதன் மேல்தான் ஜல்லியைக் கொட்டுவார்கள். நீங்களும் அரை அங்குலப் பலகையின் மேல் பழந்துணியை ஒட்டி அதன் மேல் மண்ணைப் பூசுங்கள். மண் இழுத்தாலும் பலகை அசையாது.

பனை மரம் இல்லாமல் அந்தச் சீமை இல்லை. ஐம்பது அடிப் பனை மேஜையில் ஏழு அங்குலம். மூன்று ஈர்க்குச்சிகளைச் சேர்த்துப் பசையில் நனைத்த நூலால் நெருக்கிச் சுற்றினால் அடிமரம். மட்டைக்கு நிஜப் பனையோலையையே நகவெட்டிக் கத்தரியால் விசிறிபோல நறுக்குங்கள். ஒரு மரத்துக்கு முப்பது மட்டை. கீழே நாலைந்து காவோலை தொங்கவேண்டும்; அது இல்லாவிட்டால் காலண்டர் படத்துப் பனையாகிவிடும். முள் புதருக்கு வெட்டிவேர். சீமைக் கருவேலை அள்ளி வைக்குமுன் எந்த வருஷத்தைச் செய்கிறீர்கள் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். 1964 என்றால் அதைக் கொஞ்சமாகவும், நாட்டுக் கருவேலையும் பனையையும் மிகுதியாகவும் வையுங்கள். 1990 என்றால் கண்மாய்க்குள்ளேயே காடு மாதிரி வைக்கலாம். பெட்டிகளின் நிறமும் அப்படித்தான். அந்நாளில் காவிச் சிவப்பு. நீலம் பிற்காலத்துச் சங்கதி.

மறக்காமல் ஒரு சின்னப் பாலம் கட்டுங்கள். வருஷத்தில் முக்கால்வாசி நாள் காய்ந்து கிடக்கிற ஓடைக்கு எதற்குப் பாலம் என்பீர்கள். ஐப்பசி கார்த்திகையில் ஒரு கண்மாய் நிறைந்தால் அதன் கலுங்கு வழியே தண்ணீர் அடுத்த கண்மாய்க்கு ஓடும். ரயில் பாதை குறுக்கே கரை போட்டு அதைத் தடுத்தால் கீழே உள்ள ஊருக்கு வெள்ளாமை போயிற்று! பாலத்தின் கீழ் வார்னிஷ் ஊற்றிவிடாதீர்கள். வெறும் மணலும், நடுவில் ஓர் ஆட்டுக்குட்டியும் போதும்.

இப்படி ஊரும் மண்ணும் மரமுமாகச் செய்வது வீண் வேலை என்று யாராவது சொன்னால், இங்கிலாந்தில் பெண்டன் என்ற கண்காட்சிச் சாலையைச் சொல்லுங்கள். ராய் இங்கிலாந்து என்பவர் ஆஸ்திரேலியாவிலிருந்து 1925-இல் அந்தத் தேசத்துக்கு வந்தார். கூரை வேய்ந்த பழைய கிராமத்து வீடுகள் ஒவ்வொன்றாக மாறிப்போவதைக் கண்டு, இருந்தது இருந்தபடி சிறிய உருவில் செய்து வைக்கத் துணிந்தார். அவர் ஆரம்பித்த சாலை 1954-இல் ஏற்பட்டது. நம் தேசத்திலும் புனாவில் ஜோஷி என்பவர் பாடுபட்டு அமைத்த சிறு ரயில் கண்காட்சி 1998 முதல் இருக்கிறது. இரண்டிலும் நம் கரிசல் காடு மட்டும் இல்லை.

என்ஜின் சமாசாரம் ஒன்று பாக்கி. நம் ஒய்.பி. மாதிரி என்ஜின் கடையில் எளிதில் அகப்படாது. 12 மில்லிமீட்டர் பாதையில் ஓடும் ஏதாவது ஒரு சிறு என்ஜினின் அடிப்பாகத்தை வாங்கி, மேல் உடம்பை அட்டையில் செய்து மாட்ட வேண்டும். ஒய்.பி.யின் பெரிய சக்கரம் நாலரை அடிக் குறுக்களவு. சரக்கு இழுக்கும் ஒய்.ஜி.க்கு நாலடி. மேஜையில் முறையே 16, 14 மில்லிமீட்டர். 12 வோல்ட் மின்சாரம் தண்டவாளத்தின் வழியே மோட்டாருக்குப் போகும். கம்பிகளை மாற்றிக் கொடுத்தால் வண்டி பின்னால் ஓடும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம் என்றால் எட்டடியைக் கடக்கப் பதினைந்து வினாடி ஆகவேண்டும். கடிகாரத்தை வைத்துப் பாருங்கள். குழந்தைகள் கையில் சுவிட்சைக் கொடுத்தால் இரண்டு வினாடியில் நரிக்குடி வந்துவிடும்.

இவ்வளவும் செய்து முடித்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்ற இறுமாப்புடன் நான் இருந்த சமயத்தில், பொங்கலுக்கு என் தாய்மாமா வந்து சேர்ந்தார். அந்தப் பாதையில் பாயிண்ட்ஸ்மேனாக வேலை பார்த்தவர். வலக் கண்ணில் புரை. இடக் கண்ணும் சுமார்தான். மேஜை அருகே குனிந்து, மூக்கு பனைமரத்தில் படும்படி வெகு நேரம் பார்த்தார்.

"கைகாட்டி தப்பாயிருக்கே, மாப்பிள்ளே" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. படம் பார்த்துச் செய்தேன் என்றேன்.

"படத்தை எந்தப் பக்கம் நின்னு எடுத்தானோ! டிரைவர் பார்க்கிறபோது கை கம்பத்துக்கு இடப்பக்கம் நீளணும். முன்பக்கம் சிவப்பில் வெள்ளைப் பட்டை. பின்பக்கம் வெள்ளையில் கறுப்புப் பட்டை. நீ பின்பக்கத்தை முன்னால் திருப்பி வச்சிருக்கே. கம்பத்தில் ஏணி எங்கே? அந்தி விளக்கு ஏத்த நான் எதில் ஏறுவேன்?"

அன்று மாலை முழுவதும் அவர் சொல்லச் சொல்ல நான் நோட்டில் எழுதினேன். மண்ணெண்ணெய் விளக்கை இடுப்பில் செருகிக் காற்றில் ஏணி ஏறுவது. டோக்கன் பந்தைத் தோல் பையில் இட்டு, பிரம்பு வளையத்தில் மாட்டி, ஓடுகிற என்ஜினுக்கு நீட்டுவது. டிரைவர் தூக்கி எறிகிற பழைய வளையத்தை இருட்டில் முள்ளுக்குள் தேடுவது. இதில் ஒன்றுகூட நான் பார்த்த எந்தப் படத்திலும் இல்லை. உங்கள் குடும்பத்திலோ தெருவிலோ அந்தப் பாதையில் வேலை பார்த்த பெரியவர் யாராவது இருந்தால், பலகை வாங்குமுன் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக்கொண்டு அவரிடம் போங்கள். பலகை அடுத்த மாதமும் கிடைக்கும்.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு மாமா அடுக்களைக்குப் போய் அஞ்சறைப் பெட்டியிலிருந்து நாலு கொத்துமல்லி விதையை எடுத்து வந்தார். பிளாட்பாரத்தின் ஓரத்தில், என்ஜின் நிற்கிற இடத்துக்கு நேராக வரிசையாக வைத்தார்.

"இது என்ன தாத்தா?" என்று கேட்டாள் என் பெண்.

"குடம். என்ஜின்காரன் ஒரு குடம் தண்ணி தந்தால்தான் அன்னைக்கு உன் ஆச்சி உலை வைப்பாள்."

அளந்து பார்த்தேன். ஒன்றரை அடிக் குடம் நம் கணக்கில் ஐந்து மில்லிமீட்டர். விதை சரியாகவே இருந்தது.

கைகாட்டியைத் திருப்பி நட்டுவிட்டேன். ஏணி குண்டூசியால் செய்தது. மாமா இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். சாயங்காலம் ஆறு மணிக்கு வண்டி ஓடும். என் பெண் அட்டைச் சுவருக்குப் பின்னால் சுவிட்சில் விரலை வைத்துக்கொண்டு, "தாத்தா, கையை இறக்குங்கள்" என்று கெஞ்சுவாள். அவர் கேட்கமாட்டார். நான் வளையல் ஒன்றில் நூல் பை கட்டி, டோக்கன் என்று அவர் கையில் கொடுக்கிற வரைக்கும், மானாமதுரைப் பாசஞ்சர் அவுட்டரில் நிற்கவேண்டியதுதான்.