ஒன்றரை அங்குலப் பள்ளம்

அமெரிக்காவில் சாப்பல் ஹில் நகரிலுள்ள வட கரோலினா பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் அது. மெய்நிகர் உலகைக் காட்டும் விஆர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கதவைத் தாண்டினால் அடுத்த அறையின் நடுவில் தரையே இருக்காது. சுவரோரம் குறுகலான ஒரு விளிம்பு. கீழே சுமார் 20 அடி ஆழத்தில் இன்னோர் அறை. விளிம்பில் நின்றவர்களுக்கு நெஞ்சு படபடத்தது. 2002-இல் மைக்கேல் மீஹன், பிரெட் புரூக்ஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வு, இதயத்துடிப்பையே அளந்து அதைக் காட்டியது.

கண்ணாடியில் தெரிந்த படம் அப்படியொன்றும் தத்ரூபமில்லை. பிறகு எது அவர்களைப் பயமுறுத்தியது?

ஒரு மரப்பலகைக்கும் அதில் பங்குண்டு. விளிம்பு தெரிந்த இடத்தில், நிஜத் தரையின் மேல் ஒன்றரை அங்குல உயரத்தில் பலகையைப் போட்டார்கள். கால் நுனியை அதற்கு வெளியே நீட்டினால் தரை தட்டுப்படாது. கண் 20 அடி என்கிறது, கால் 'ஆமாம்' என்கிறது. ஒன்றரை அங்குலம்தான் என்று கால் எங்கே கண்டது! பலகை இருந்தபோது துடிப்பு இன்னும் எகிறியது. படம் நொடிக்கு 15 முறை மாறியதைவிட 30 முறை மாறியபோதும் துடிப்பு கூடியது.

படத்தின் வேகம் ஏன் முக்கியம்? உள்காதைப் பாருங்கள். தலை திரும்புவதை அங்குள்ள திரவம் மூளைக்கு உடனே சொல்லிவிடும். படமும் அதே வேகத்தில் திரும்ப வேண்டும்; ஏறக்குறைய 20 மில்லி வினாடிக்கு மேல் பிந்தினால் உலகம் நீரில் மிதப்பதுபோல் ஆடும், சிலருக்குக் குமட்டும். படத்துல்லியத்தை மட்டும் பெரிதாகப் போடும் விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை. 1968-இல் கணினி அறிஞர் ஐவன் சதர்லாந்து கூரையிலிருந்து தொங்கவிட்ட, தலையில் மாட்டும் கருவியில் வெறும் கோட்டோவியங்கள்தான் தெரிந்தன. ஆனால் தலை நகர்ந்தால் அவையும் அதற்கேற்ப மாறின, விஆருக்கு விதை அதுதான்.

இடம் நிஜமாகத் தோன்றுவது ஒன்று, அங்கே நடப்பது நிஜமாகத் தோன்றுவது வேறு என்று 2009-இல் பிரித்துக் காட்டினார் விஆர் ஆய்வாளர் மெல் ஸ்லேட்டர். நீங்கள் எதிரே போய் நின்றும் அந்த உலகத்து மனிதர் உங்களைக் கவனிக்காமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தால், இரண்டாவது மாயை உடைந்துவிடும். படம் ஒரு கணம் உறைந்தால் கலையும் முதல் மாயை, படம் சீரானதும் திரும்பிவிடும். இரண்டாவது எளிதில் திரும்பாது என்கிறார் அவர். அறை அப்படியே இருக்கும். அந்த மனிதர் மட்டும் பொம்மையாகிவிடுவார்.