சரிந்த கதவுக்குக் கால் திருகு

சாயா டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு அடுக்களை அலமாரிக்கு நாலடி தள்ளி நில்லுங்கள். கிட்ட நின்றால் கோணல் கண்ணுக்குப் படாது. ஜோடிக் கதவுகள் இரண்டும் மூடியிருக்கட்டும். நடுவில் ஓடும் இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருந்தால் குறையில்லை. மேலே இடுங்கி, கீழே அகன்றிருந்தால் இரண்டில் ஒரு கதவு தொங்குகிறது. எந்தக் கதவு என்று தெரிய வேண்டுமா? மேல் விளிம்பைப் பாருங்கள். நடுப்பக்க மூலை எதில் தாழ்ந்திருக்கிறதோ, அதுதான்.

ஏன் தொங்குகிறது என்பது புரிந்துவிட்டால் வேலை பாதி முடிந்த மாதிரி. நாஞ்சில் நாட்டுப் பழைய வீடுகளில் கதவுகள் குடுமியில் சுழன்றன. மரத்திலேயே செதுக்கிய குடுமி, நிலையிலும் படியிலும் தோண்டிய குழிக்குள் உட்காரும். கதவின் பாரம் நேராகக் கீழே இறங்கிவிடும். இன்றைய அலமாரிக் கதவுக்குக் கீழே தாங்க ஒன்றுமில்லை. கதவில் 35 மில்லிமீட்டர் அகலத்தில் வட்டக் குழி வெட்டி, அதில் ஒரு கிண்ணத்தைப் பதித்திருப்பார்கள். கிண்ணத்திலிருந்து ஓர் இரும்புக் கை நீளும். அந்தக் கையைப் பிடித்திருக்கும் தகடு, பக்கப் பலகையில் இரண்டு சின்ன ஸ்க்ரூக்களால் நிற்கும். கதவு முழுக்க அந்த ஸ்க்ரூக்களில்தான் தொங்குகிறது. பாரம் மேல் கீலை இழுக்கும், கீழ்க் கீலை நெருக்கும். ஆகவே முதலில் தளர்வது பெரும்பாலும் மேல் கீல்தான்.

கீலைச் செய்தவர்களுக்கு இது தெரியும். கதவு நாளாவட்டத்தில் இறங்கும் என்று தெரிந்தே, திருப்பிச் சரிசெய்யும் வழியையும் அதிலேயே வைத்திருக்கிறார்கள். கடையில் ஆட்டோ ஹிஞ்ச் என்று கேட்டு வாங்கும் கீல் அத்தனையிலும் இது உண்டு. ஒரு ஸ்டார் திருப்புளி போதும்.

கதவைத் திறந்து, கைப்பிடிப் பக்கத்துக் கீழ் மூலையை இரண்டு விரலால் லேசாகத் தூக்கிப் பாருங்கள். பக்கப் பலகையில் இருக்கும் தகடு அசைந்தால் ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது. இறுக்குங்கள். பல வீடுகளில் இதோடு வேலை முடிந்துவிடும். ஸ்க்ரூ பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால் துளை தேய்ந்துபோயிருக்கிறது. அதைக் கழற்றிவிட்டு, மருந்து நீக்கிய தீக்குச்சிகளை ஃபெவிகாலில் முக்கித் துளை நிறையச் செருகுங்கள். வெளியே நீட்டியிருப்பதை ஒடித்துவிட்டு, ஒரு ராத்திரி காயவிட்டு மறுபடி முடுக்குங்கள். நீள ஸ்க்ரூ போட்டால் பிடிக்குமே என்று தோன்றும். பலகை 18 மில்லிமீட்டர்தான்; 16 மில்லிமீட்டரைத் தாண்டினால் முனை மறுபக்கம் எட்டிப்பார்க்கும்.

தகடு உறுதியாக இருந்தும் கோணல் போகவில்லை என்றால், இரும்புக் கையில் வரிசையாக இருக்கும் இரண்டு ஸ்க்ரூக்களைக் கவனியுங்கள். கதவுக்கு அருகில் இருப்பது பக்கவாட்டு ஸ்க்ரூ. கதவை இடமும் வலமும் நகர்த்துவது அது. உள்ளே தள்ளி இருப்பது கையைத் தகட்டோடு பிடிப்பது. கதவை முன்னும் பின்னும் நகர்த்தவும் அதுவே. விலை குறைந்த கீல்களில் பின் ஸ்க்ரூவைச் சற்றுத் தளர்த்தினால்தான் முன் ஸ்க்ரூ அசையும்.

தொங்கும் கதவுக்கு மேல் கீலின் பக்கவாட்டு ஸ்க்ரூவைக் கால் திருகு திருப்புங்கள். கதவை மூடிப் பாருங்கள். மேல்பகுதி கீல் பக்கமாக நகர வேண்டும். எதிர்ப்பக்கம் போனால் மாற்றித் திருப்புங்கள். கீழ்க் கீலுக்கு இதற்கு நேர் எதிர். பொறுமை வேண்டிய இடம் இதுதான். மும்முரத்தில் நாலைந்து சுற்று சுற்றிவிட்டால் எங்கே தொடங்கினோம் என்றே தெரியாது. கால் திருகு, மூடு, தள்ளி நின்று பார், ஒரு மிடறு சாயா. கதவுகளுக்கு நடுவே 3 மில்லிமீட்டர் இடைவெளி போதும். ஒரு ரூபாய் நாணயங்கள் இரண்டைச் சேர்த்துப் பிடித்தால் ஏறத்தாழ அந்தக் கனம் வரும். மேலே, நடுவே, கீழே அதைச் செருகிப் பாருங்கள்.

பக்கவாட்டை முடித்த பிறகே உயரத்துக்கு வாருங்கள். கோணல் நிமிர்ந்தால் தாழ்ந்த மூலை தானாகவே மேலேறும். அதன் பிறகும் கதவு மொத்தமாக இறங்கியிருந்தால், தகட்டின் ஸ்க்ரூக்களை இரண்டு கீலிலும் சற்றுத் தளர்த்துங்கள். துளைகள் நீள்வட்டமாக இருப்பதால் கதவை ஏற்றி இறக்க முடியும். அப்போது கதவைப் பிடித்துக்கொள்ள இன்னொருவர் கட்டாயம் வேண்டும். மூடிய கதவு கீல் பக்கம் முட்டி, கைப்பிடிப் பக்கம் எகிறி நின்றால், பின் ஸ்க்ரூவைத் தளர்த்திக் கதவை மயிரிழை முன்னே இழுத்து இறுக்குங்கள்.

இத்தனையும் ஒட்டுப்பலகைக் கதவுக்கு. தேக்கு, அயினி, பலா என்று முழுப்பலகையில் செய்த கதவு என்றால் நம் மாவட்டத்து மழையையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆனி, ஆடியில் ஒரு மழை, ஐப்பசி, கார்த்திகையில் இன்னொன்று. மரம் ஈரத்தைக் குடித்து அகலவாட்டில் உப்பும். நீளவாட்டில் அநேகமாக மாறாது. மழையில் உரசும் கதவு மாசி, பங்குனியில் தானாக விலகிக்கொள்ளும். மழைக்காலத்தில் அதன் விளிம்பைச் சீவிவிட்டால் வெயிலில் பல்லிளிக்கும். ஒட்டுப்பலகையில் ஏடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி ஒட்டியிருப்பதால் இந்த வம்பு குறைவு. தூள் அழுத்திய பலகைதான் மோசம்: ஒருமுறை தண்ணீர் குடித்து உப்பினால் பழைய நிலைக்கு வராது. சிங்க்குக்குக் கீழே அது வேண்டவே வேண்டாம். அங்கே ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மெரைன் ஒட்டுப்பலகை போடுங்கள்.

குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி போலக் கடலையொட்டிய ஊர்களில் உப்புக்காற்று முலாம் பூசிய கீலைச் சீக்கிரமே தின்றுவிடும். ஸ்க்ரூ துருவேறி இறுகியிருந்தால் அடித்துத் திருப்பாதீர்கள், தலை தேய்ந்துவிடும். கீலையே மாற்றி, 304 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வாங்குங்கள். கடையில் எந்த கிராங்க் என்று கேட்பார்கள். கதவு பக்கப் பலகையின் விளிம்பை முழுக்க மூடினால் 0, ஒரே பலகையை இரண்டு கதவுகள் பாதிப் பாதியாகப் பங்கிட்டால் 8, சட்டத்துக்குள் அமர்ந்தால் 16. பழைய கீல் ஒன்றைக் கழற்றிக் கையோடு கொண்டுபோனால் தகராறே இல்லை.

திருப்புளியால் தீராததும் உண்டு. கடப்பைக்கல் தட்டுகளுக்கு முன்னால் மரச்சட்டம் அடித்துக் கதவு மாட்டிய அடுக்களைகள் இங்கே ஏராளம். சுவரில் அடித்த பிளக் தளர்ந்து சட்டமே ஆடினால், கீலை எவ்வளவு திருகினாலும் கதவு நேராகாது. அரிசியும் பாத்திரமும் ஏற்றி மேல் அலமாரியின் பெட்டியே சாய்ந்திருந்தாலும் அப்படித்தான். பாரத்தை உடனே இறக்கிவிட்டு ஆசாரியைக் கூப்பிடுங்கள்.

அவரிடம் ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: மைக்கா ஒட்டிய கதவில் இழைப்புளி வைக்கக் கூடாது. விளிம்புப் பட்டையைச் சீவியதும் உள்ளே பச்சைப் பலகை வெளிப்பட்டுவிடும். அடுத்த மழைக்கு அந்த இடம் ஈரம் வாங்கி உப்பி, மைக்கா கிளம்பும். கீலைத் திருகிப் பார்க்காமல் கதவைச் சீவ யாரையும் அனுமதிக்காதீர்கள்.